ஜான் ராஜாவுக்கு ஒரு குரல்

மகனே,

உன் அம்மா நாளைக் காலை பொன்னேரியில் ரயில் ஏறி உன்னிடம் வருகிறாள். ஒரு கையில் நண்டுத் தொக்கு, இன்னொரு கையில் இந்தக் கடிதம். முதலில் கடிதத்தைப் படி. தொக்கு நாலு நாள் தாங்கும், உன் திங்கட்கிழமை தாங்காது. எனக்கு விடை கிடைத்துவிட்டதடா! கை ஈரம் காய்வதற்குள் உட்கார்ந்து எழுதுகிறேன், அதனால்தான் முதல் வரியிலேயே மை பரவிக் கிடக்கிறது. வியாழக்கிழமை நீ போனில், "நைனா, திங்கக்கெழம அந்த ஒரு வரி வரலன்னா ஜான் ராஜா கொரல வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க"னு சொன்னாயே, அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வரியை எப்படிச் சொல்ல வேண்டும் என்று இன்று காலை தெரிந்துகொண்டேன். யாரிடமிருந்து என்று கேட்டால் நம்ப மாட்டாய். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் வாயைத் திறந்தாலே, "சாப்ட்டியா, மாத்தர போட்டியா, சரி வெக்கிறேன்"னு மூன்றே மூச்சில் முடித்துவிடுவாய். இது நீளமான சமாச்சாரம். இதில் நான் உன்னிடம் மறைத்த ஒன்றும் இருக்கிறது. ஆகவே காகிதம்.

போன ஞாயிறு நீ கோட்டைக்குப்பத்துக்கு வந்து, யாருக்கும் காட்டக் கூடாது என்று சொல்லிக்கொண்டே எனக்கும் அம்மாவுக்கும் போனில் காட்டினாய். நீ தமிழில் குரல் கொடுக்கும் புதுத் தொடர் மட்டுமா, அந்த இங்கிலீஷ் ராஜாவைப் பற்றி இதுவரை வந்த படங்களில் தேடிப்பிடித்த துண்டுகளையெல்லாம் வரிசையாக ஓடவிட்டாய். கறுப்பு வெள்ளையில் ஒருவன் தாடியை நீவிக்கொண்டே சிரிக்கிறான். கலரில் ஒருவன் குண்டு, எவன் தலை உருண்டாலும் கையில் இருக்கும் கோழிக்காலை விடமாட்டேன் என்கிறான். இன்னொருவன் ஒல்லி, நகம் கடிக்கிறான். பேச்சே இல்லாத காலத்துப் படம் ஒன்றில் கண்ணைச் சுற்றி மை அப்பி விட்டிருக்கிறார்கள், வாய் மட்டும் அசைகிறது, ஆனாலும் இவன் கெட்டவன் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். ஆள் மாறுகிறான், கிரீடம் மாறுகிறது, அந்தச் சிரிப்பு மட்டும் மாறவில்லை. அண்ணன் ஊரில் இல்லாத நேரம் பார்த்து நாட்டைப் பிடுங்கப் பார்த்தவன், வரி போட்டு ஜனங்களைப் பிழிந்தவன் என்று நீ விவரம் சொன்னாய். அவனுக்குப் பிறகு அந்த நாட்டில் ஒரு ராஜாவுக்கும் ஜான் என்று பெயர் இல்லையாம். உன் அம்மா இறால் உரித்துக்கொண்டே, "நம்ம தெருவுல மூணு ஜான் கீறானுங்க, மூணும் தங்கமான புள்ளைங்க. அவன் ஒருத்தனால பேரு இன்னா பாவம் பண்ணுச்சு?"னு கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

பிறகு அந்தத் தண்ணீர்க் காட்சியைக் காட்டினாய் பார், நான் எழுந்தே நின்றுவிட்டேன். பழைய படங்களில் நீ காட்டிய துண்டு எதிலும் இது இல்லை. கடல் உள்ளே வந்து போகும் சேற்று வெளி. தண்ணீர் வற்றினால் நடக்கலாம், ஏறினால் ஆள் உயரம். அச்சு அசல் நம் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துப் பக்கம்! அந்த வெளியைக் குறுக்கே கடக்க, ராஜாவின் சாமான் வண்டிகள் இறங்குகின்றன. பெட்டி, நகை, பாத்திரம், அத்தனையும் வண்டியில். "டேய், நில்லுங்கடா, தண்ணி ஏறப்போவுதுடா!"னு நான் போனைப் பார்த்துக் கத்தினேன். பக்கத்து வீட்டுக் கோழியெல்லாம் பறந்தது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். சிரி. ஆனால் ஒன்று சொல்லட்டுமா? படம் எடுத்தவன் தண்ணீரைத் தப்பாகக் காட்டியிருக்கிறான். அலை எதிரே எழும்பி வருகிற மாதிரி காட்டுகிறான். அப்படி வந்தால் எவனும் ஓடித் தப்பித்துவிடுவானே! ஏறுகிற தண்ணீர் எதிரே வராது, முதுகுக்குப் பின்னால் வரும். நீ முன்னால் பார்த்துக்கொண்டு நடப்பாய், பின்னால் இருக்கிற வாய்க்கால்கள் ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் நிரம்பும். திரும்பும்போது வந்த வழியைக் காணோம். இன்னும் கொஞ்ச நேரம் கரையில் உட்கார்ந்து காத்திருந்தால் அத்தனையும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருக்கும். அந்த ராஜாவின் வியாதி அதுதான், காத்திருக்கத் தெரியாது. அந்த வியாதி எனக்கும் இருந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அதற்கு முன்னால் உன்னைப் பற்றி இரண்டு வார்த்தை, கூச்சப்படாமல் படி. ஒன்பது வருஷமாக அந்த டப்பிங் கண்ணாடி அறைக்குள் நீ என்னவெல்லாமாக இருந்திருக்கிறாய்! கூட்டத்தில் "ஓடுங்க, ஓடுங்க" என்றவன் நீ. குதிரைக்குத் தண்ணீர் காட்டியவன் நீ. மலையிலிருந்து விழுந்து செத்த மூன்றாவது சிப்பாய் நீ. அந்தச் சிப்பாய் விழுந்த அன்று உன் அம்மா, "எம்புள்ள கொரல்டா அது!"னு டிவியைக் கட்டிக்கொண்டு அழுதாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் நிஜமாகவே ஏதோ ஆகிவிட்டது என்று ஓடி வந்தார்கள். உனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் கதாநாயகனுக்குப் பேசப் போனார்கள். நீ யாரையும் இடித்துத் தள்ளவில்லை, எவன் காலையும் பிடிக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் நடுவில் ஒருமுறை உன்னைப் பிழைக்கத் தெரியாதவன் என்று திட்டினேன். அது என் வாய்க்கொழுப்பு. உன் முறை வரும்வரை நின்றாய். இப்போது வந்திருக்கிறது, ஒரு ராஜாவே வந்திருக்கிறான்! ஊர் முழுக்க நான் சொல்லியாயிற்று. படகுத்துறையில் எல்லோரும் என்னைக் கண்டால் விலகிப் போகிற அளவுக்குச் சொல்லியாயிற்று.

சரி, அந்த வரிக்கு வருகிறேன். ராஜா தன் இஷ்டத்துக்கு ஆடியது போதும் என்று பிரபுக்கள் எல்லாம் ஒன்று சேர்ந்து, ஆற்றங்கரைப் புல்வெளியில் அவனை உட்கார வைக்கிறார்கள். ராஜாவாக இருந்தாலும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன்தான் என்று எழுதி, முத்திரை வைக்கச் சொல்லி நீட்டுகிறார்கள். அவன் படிக்கிறான். படித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். நமக்கு அவன் முதுகு மட்டும்தான் தெரிகிறது. அங்கே ஒரே வரி: "முத்திரையைக் கொண்டு வாருங்கள்." முகம் தெரியாததால் எல்லாமே குரலில்தான் இருக்கிறது. நீ போனில் புலம்பினாயே, "கத்திப் பாத்தேன் நைனா, டைரக்டரு 'கூத்தா நடக்குது'ன்னாரு. அழுது பாத்தேன், 'சீரியலா'ன்னாரு. மெதுவா சொன்னேன், 'தூங்குறியா'ன்னாரு. அந்தாளுக்கு இன்னாதான் வேணும்னு தெர்ல." நான் பேசாமல் போனை வைத்துவிட்டேன். தூக்கம் வந்துவிட்டது என்று நீ நினைத்திருப்பாய். எனக்குப் பேச்சு வராததற்குக் காரணம் வேறு. அந்த ராஜா உட்கார்ந்த இடத்தில் நானும் ஒரு நாள் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ அப்போது ஒன்றாம் வகுப்பு. நான் ஊர்த் தலைவர். எனக்கு முதுகுவலி வந்ததால் தலைவர் வேலையை விட்டுவிட்டேன் என்றுதான் உனக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். பொய். என் முதுகு இன்றைக்கும் கல் மாதிரி இருக்கிறது. நடந்தது வேறு. நம் ஏரியில் பாடு என்றால் என்னவென்று உனக்குத் தெரியும், ஆனாலும் பட்டணத்துக்காரனாகி ஒன்பது வருஷம் ஆயிற்றே, ஞாபகப்படுத்துகிறேன். ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறால் விழாது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் விழுவது உள்ளே விழாது. அதனால் ஊரில் கல்யாணமான ஒவ்வொருத்தனுக்கும் சீட்டு எடுத்து முறை வைத்திருக்கிறோம். இன்றைக்கு இந்த இடம் உனக்கு, நாளைக்கு வேறொருத்தனுக்கு. அதுதான் பாடு. ஒருவனால் வர முடியாவிட்டால் அவன் கைகாட்டிய ஆள் வலை போடலாம். கைகாட்டவில்லை என்றால் அந்த இடம் அன்றைக்குச் சும்மா கிடக்கும். பட்டினி கிடந்தாலும் அடுத்தவன் பாட்டில் வலை இறக்கக் கூடாது. ஏகாம்பரம் தெரியுமல்லவா, நம் தெருக்கோடி வீடு, நீ சித்தப்பா என்று கூப்பிடுவாயே, அவனுக்கு அந்த வருஷம் முகத்துவாரத்துப் பாடு வந்தது. அவன் முறை வருகிற அன்றைக்கு அவன் மனைவிக்குப் பிரசவ வலி. பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு ஓடினான். யாரையும் கைகாட்டவில்லை, அந்த அவசரத்தில் யாருக்கு ஞாபகம் வரும்?

நான் கரையில் நின்று பார்த்தேன். தண்ணீர் இறாலால் கொதிக்கிறது. அப்படி ஒரு நாளை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. "பாடு சொம்மா கெடந்தா ஏரிக்கே கோவம் வரும், தலைவருன்னு நான் எதுக்குக் கீறேன்?"னு எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு என் வலையை இறக்கினேன். அள்ளினேன். ஏகாம்பரம் குழந்தையோடு திரும்பி வந்தான், கேள்விப்பட்டான், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் கேட்காததை நான் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும் என்பார்கள். அதே பருவத்தில் இன்னும் இரண்டு பேர் பாட்டில் கை வைத்தேன். ஒருத்தன் காய்ச்சலில் கிடந்தான், ஒருத்தன் துக்கத்துக்குப் போயிருந்தான். மூன்றாவது தடவை ஊர் பொறுக்கவில்லை. ஒரு காலை, குடும்பத்துக்கு ஒருத்தராக அத்தனை ஆண்களும் அம்மன் கோயில் முன்னால் கூடி எனக்கு ஆள் அனுப்பினார்கள். போனால் ஒரு காகிதம் தயாராக இருக்கிறது. "தலைவராக இருந்தாலும் அவரவர் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். தலைவருக்கும் பாடு ஒன்றுதான்." கீழே என் கையெழுத்துக்கு இடம். காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது யார் தெரியுமா? ஏகாம்பரம்.

இனி வருவதுதான் வேடிக்கை. கையெழுத்துப் போட்டுவிட்டு நான் சும்மா இருந்தேனா? மறு வாரமே பொன்னேரிக்குப் போய் ஒரு வக்கீலைப் பிடித்தேன். "சார், மெரட்டி வாங்கின கையெழுத்து, செல்லாதுன்னு ஒரு நோட்டீஸ் உடுங்க" என்றேன். அவர் நான் சொன்னதையெல்லாம் கேட்டார், டீயைக் குடித்து முடித்தார், "ஊருக்குப் போய் வலையப் பாருய்யா" என்றார். உன் ராஜாவும் இதையேதான் பண்ணினானாம், முத்திரை காய்வதற்குள் போப்பாண்டவருக்கு ஆள் அனுப்பி, மிரட்டி வாங்கியது செல்லாது என்று எழுதி வாங்கினானாம் என்று போன ஞாயிறு நீ சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் எங்கேயோ குளிரில் கிடந்த ஒருத்தன், என்னை ஒளிந்திருந்து பார்த்தவன் மாதிரி நடந்திருக்கிறான்! அவனுக்கு போப்பாண்டவர் கிடைத்தார், எனக்கு டீ குடிக்கிற வக்கீல் கிடைத்தார், அவ்வளவுதான் வித்தியாசம். சொல்லப்போனால் நான்தான் அதிர்ஷ்டக்காரன். அவன் பேச்சைக் கேட்டு ஆமாம் போட்டார்கள், அவன் நாட்டில் சண்டை மூண்டது. என்னைத் திருப்பி அனுப்பினார்கள், நான் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஊர் வேறு தலைவரை வைத்துக்கொண்டது. நான் முதுகைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன்.

ஆக, உன் போன் வந்ததும் இந்த வரி நம்மிடமே இருக்கிறதே என்று குதித்தேன். அன்றைக்குக் காகிதத்தின் முன்னால் நான் எப்படிப் பேசினேனோ அப்படிப் பேசச் சொன்னால் முடிந்தது! யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் நான் கர்ஜித்ததுதான். "குடுங்கடா பேனாவ! யாருகிட்ட வெச்சிக்கிறீங்க?"னு கத்தி, கண்ணைச் சிவப்பாக்கி, காகிதம் கிழிகிற மாதிரி கையெழுத்துப் போட்டதாகத்தான் இத்தனை வருஷமும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். உன் அம்மாவிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் கர்ஜனையைத்தான் உன் டைரக்டர் வேண்டாம் என்றுவிட்டாரே. உன் அம்மாவிடம் கேட்டேன். அவள் இட்லிக்கு அரைத்துக்கொண்டே, "நான் அங்க இல்லியே. பக்கத்துல நின்னவன் ஏகாம்பரம்தான். அவனப் போய் கேளு" என்றாள். சும்மா சொன்னாள் என்று நினைக்காதே. இருபத்தைந்து வருஷமாக அவள் இதற்காகக் காத்திருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

ஏகாம்பரமும் நானும் தினமும் பேசுகிறவர்கள்தான். காற்று எப்படி, நண்டு எப்படி, பையன் எப்படி. அந்தக் காகிதத்தைப் பற்றி மட்டும் ஒரு நாளும் பேசியதில்லை. கோயில் பக்கமாகச் சேர்ந்து நடந்தால் இரண்டு பேருமே ஏரியைப் பார்த்துக்கொண்டு நடப்போம். எனக்காக மட்டும் என்றால் சாகிறவரை கேட்டிருக்க மாட்டேன். உன் வேஷம் போய்விடுமே என்கிற பதற்றத்தில், இன்று காலை, பல்கூடச் சரியாக விளக்காமல் துறைக்குப் போய்விட்டேன். அவன் முழங்கால் தண்ணீரில் நின்று படகைக் கழுவிக்கொண்டிருந்தான். நானும் இறங்கி ஒரு தேங்காய் மட்டையை எடுத்துப் பக்கத்தில் தேய்க்க ஆரம்பித்தேன். "ஏகாம்பரம், கோயில் எதிர்ல கையெழுத்து வாங்கினீங்களே, அன்னிக்கி நான் எப்பிடிப் பேசினேன்?" என்று கேட்டே விட்டேன்.

அவன் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "இன்னாணா திடீர்னு?" என்றான். "பையனுக்கு வேணும். ராஜா ஒருத்தன் கையெழுத்துப் போடுற சீனு. நான் கத்தினேனே, அது எப்பிடி இருந்துச்சின்னு உங்கிட்ட கேக்கலாம்னு" என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தான். "நீ எங்கணா கத்தின?" என்றான். "கத்துவேன்னுதான் நாங்களும் நெனச்சோம். கத்தினா ரெண்டு தட்டலாம்னு ஆளுங்க ரெடியா இருந்தாங்க. நீ படிச்ச. படிச்சிட்டு அந்தாண்ட திரும்பிக்கின. அப்பால, 'எங்க போடணும்?'னு கேட்ட. அவ்ளோதான். ஸ்கூல்ல புதுசா சேந்த புள்ள, எங்க ஒக்காரணும்னு கேக்குற மாதிரி கேட்ட. உங்கிட்ட எனக்கு இருந்த கோவம் அந்த எடத்துலயே பூட்ச்சி. மெய்யாலுமே பாவமா இருந்துச்சி. நாந்தான் வெரல வெச்சி எடத்தக் காட்டினேன்."

இருபத்தைந்து வருஷமாக நான் எனக்குப் போட்டுக் காட்டிக்கொண்ட படத்திலும் அதே தாடி, அதே கண் மை, அதே சத்தம்தானே இருந்திருக்கிறது! பக்கத்தில் நின்றவன் காதில் விழுந்தது வேறு. தோற்றவன் கத்த மாட்டானடா. அழவும் மாட்டான். எல்லோரும் பார்க்கிறார்கள், எப்படியாவது இது முடிந்தால் போதும் என்றிருக்கும். அடுத்து என்ன செய்ய வேண்டும், கை எங்கே, பேனா எங்கே, அதைத்தான் தேடுவான். பெரிய ஆள் என்கிற சட்டை கழன்று விழுந்து, உள்ளே இருந்த சின்னப் பையன் வழி கேட்பான். நீ அந்த வரியை ஒரு கட்டளையாகச் சொல்லாதே. முத்திரை எங்கே இருக்கிறது என்று அவனுக்கே தெரியாத மாதிரி சொல். அவன் மறுபடி திமிர் பிடித்து போப்பாண்டவரிடம் ஓடுவது அடுத்த வாரம். இந்த ஒரு நொடியில் அவனிடம் ஒரு திமிரும் இல்லை. ஏகாம்பரத்துக்கு என் மேல் இருந்த கோபம் எந்த இடத்தில் போயிற்றோ, பார்க்கிறவர்களுக்கும் அந்த இடத்தில் போக வேண்டும்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. தண்ணீரில் நின்றபடியே ஏகாம்பரத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு உன் வரியைச் சொல்லிப் பார்த்தேன். "முத்திரையைக் கொண்டு வாருங்கள்." பின்னால் மட்டை தேய்க்கிற சத்தம் நின்றது. "அதேதாண்ணா. அதே கொரலு" என்றான். திரும்பலாம் என்று பார்த்தேன், திரும்ப முடியவில்லை. அப்படியே ஏரியைப் பார்த்துக்கொண்டு, "உன் பாட்ட நான் எடுத்துக்கினது தப்புடா ஏகாம்பரம். நீ புள்ள பொறந்த சந்தோசத்துல வந்த, நான் உன் வயித்துல அடிச்சேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவன், "இது ராஜா சொல்றதா, நீ சொல்றதா?"னு கேட்டான்.

"நான்தான்" என்றேன்.

"அப்ப இந்தாண்ட திரும்பிச் சொல்லு" என்றான். திரும்பிச் சொன்னேன் மகனே. அவன் படகிலிருந்த வாளியை எடுத்து என்னிடம் நீட்டினான், படகு முழுவதையும் நானே கழுவி முடித்தேன். திங்கட்கிழமை நீ ராஜாவின் வரியை மட்டும் சொல்லிவிட்டு வா. ராஜா சொல்லாமல் விட்டதை நான் இங்கே சொல்லிவிட்டேன்.

உன் நைனா